என் வாரம், அவன் வாரம்

ஜூன் 3, திங்கள்

மூன்றாவது வளைவில் வண்டி நின்றுவிட்டது. இன்ஜின் காட்டுக்கத்தல் கத்துகிறது, சக்கரம் மட்டும் அசையமாட்டேன் என்கிறது. கருகின வாடை வேறு. முப்பத்திரண்டு வருடம் பஸ் டிப்போவில் ஃபிட்டராக இருந்தவனுக்கு அந்த வாடையை யாரும் சொல்லித்தர வேண்டாம். க்ளட்ச் போய்விட்டது. அப்படியே பின்னுக்கு உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

என் வாரம் தொடங்கி மூன்றாம் நாள். சனிக்கிழமை மதியம் வரை வண்டி அவனிடம்தான் இருந்தது. அவன் என்றால் என் தம்பி சந்தியாகு. அந்தப் பெயரை எழுதவே கை கூசுகிறது.

டிப்போவில் தினமும் வேலைக்குறிப்பு எழுதிப் பழகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் விட முடியவில்லை. ஆகவே முறையாகவே எழுதிவைக்கிறேன். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. காப்பித் தோட்டத்தைப் பிரித்தோம், வீட்டைப் பிரித்தோம், அண்டா குண்டா வரைக்கும் பிரித்தோம். அப்பாவின் மாருதியை எப்படிப் பிரிப்பது? பங்குச்சாமியார்தான் தீர்த்துவைத்தார். ஒரு வாரம் அண்ணன், ஒரு வாரம் தம்பி. சனிக்கிழமை மதியம் கோயில் வாசலில் வண்டியை நிறுத்திச் சாவியைக் கோயில் காரியம் பார்க்கும் உபதேசியாரிடம் கொடுத்துவிட வேண்டும். யார் வாரத்தில் கெடுகிறதோ அவர்தான் சரிசெய்ய வேண்டும்.

இந்த ஏலப்பள்ளத்தில் பதினெட்டு வீடு. பள்ளத்திலிருந்து மேல் ரோட்டுக்கு ஒரே ஏத்தம்தான் வழி, நாலு வளைவு. கார் என்று இருப்பது இது ஒன்றுதான்.

எனக்கும் அவனுக்கும் பேச்சு இல்லை. ஏன் என்றும் எழுதிவிடுகிறேன். அப்பா செத்தபோது நான் திண்டுக்கல்லில் வேலையில் இருந்தேன். எனக்கு ஒழுங்காகச் சேதி சொல்லாமல், நான் வந்து சேர்வதற்குள் பெட்டியை மூடி ஆணி அடித்துவிட்டான். மூத்த மகன் நான். அப்பா முகத்தை நான் பார்க்கவில்லை. இதை நான் மறப்பேன் என்று அவன் நினைத்தால், அவன் முட்டாள்.

ஜூன் 4, செவ்வாய்

உபதேசியார் மரியநாயகம் அவனிடம் பேசிவிட்டு வந்தார்.

"இன்னாசி, ஒன் வாரத்துலதான கெட்டுச்சு, நீயே செஞ்சுக்கவாம். பஸ்ஸுக்கே க்ளட்ச் மாத்துன ஆளு, அவருக்கு இதெல்லாம் ஒரு வேலையான்னு கேக்குறான்."

கேட்கிறானாம்! பின் சீட்டை மடக்கி ஏழு சௌசௌ மூட்டையை அடைத்து, அந்த ஏத்தத்தில் அரைக் க்ளட்சில் உறுமி உறுமி ஏற்றுவது யார்? வாரம் தவறாமல் ஜன்னலில் நின்று பார்க்கிறேனே. தேய்ப்பது அவன், மாற்றுவது நான்.

பஸ் பிடித்து வத்தலக்குண்டு போய்ப் புது க்ளட்ச் செட் வாங்கி வந்தேன். மகள் அமலி, "அப்பா, க்ளட்ச்னா என்ன?" என்று கேட்டாள். இரண்டு தோசைக்கல்லுக்கு நடுவில் ஒரு ரொட்டியை வைத்து அழுத்தினால் மேல் கல் சுற்றும்போது கீழ்க் கல்லும் சேர்ந்து சுற்றும் அல்லவா, அந்த ரொட்டிதான் ப்ளேட் என்றேன். ரொட்டி தேய்ந்தால் இன்ஜின் தனியாகச் சுற்றும், சக்கரம் சும்மா நிற்கும். "அப்ப நம்ம ரொட்டி தீஞ்சிருச்சு" என்றாள். எட்டாம் மாதம் அவளுக்கு. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மருமகன் குவைத்தில்.

ஜூன் 5, புதன்

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் கட்டை அடுக்கினேன். பேட்டரி வயர், க்ளட்ச் கேபிள், ஸ்டார்ட்டர், இரண்டு ஆக்ஸில், எல்லாம் கழற்றியாயிற்று. கியர் ஆயிலைப் பழைய சட்டியில் வடித்தேன். அது என் மனைவி செசிலி மீன் குழம்பு வைக்கும் சட்டி என்பது பிறகுதான் தெரிந்தது. அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மதியத்துக்கு மேல் கியர்பாக்ஸை இறக்கினேன். நான் அடியில் மல்லாந்து படுத்து நெஞ்சில் தாங்க, செசிலி மேலிருந்து கயிற்றைப் பிடித்தாள். "இந்த வயசுல இது தேவையா? ஒர்க்‌ஷாப்புல குடுத்தா ஆகாதா?" என்று கயிற்றோடு சேர்த்து என்னையும் இழுத்தாள். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகவே ஏத்தம் ஏற வேண்டுமே, அம்மா.

பழைய ப்ளேட்டைப் பார்த்தேன். வழவழவென்று கண்ணாடி மாதிரி இருக்கிறது. ரிவெட் ஆணித் தலைக்கு மேல் நகக்கண் அளவுதான் மிச்சம். அவன் மூட்டை ஒவ்வொன்றும் அதில் எழுதியிருக்கிறது.

ஜூன் 6, வியாழன்

புது ப்ளேட்டை நடு மையத்தில் நிறுத்த டிப்போவில் ஒரு கருவி உண்டு. இங்கே அதற்கு எங்கே போவேன்? காப்பிக் கம்பு ஒன்றைச் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அளவாக ஒரு முளை செய்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. நாலு மணிக்கெல்லாம் வேலை முடிந்தது.

ஏத்தம் ஏற்றிப் பார்த்தேன். அடேயப்பா! வெண்ணெயில் கத்தி. இரண்டாம் கியரிலேயே மூன்றாவது வளைவைத் தாண்டினேன். மேல் ரோட்டில் டீ குடித்துவிட்டு இறங்கும்போதுதான் உறைத்தது. நாளை மறுநாள் சனி. இந்தப் புது க்ளட்ச்சை அவனிடம் கொடுக்க வேண்டும். நான் மல்லாந்து கிடந்து, முதுகு விட்டுப்போய் மாட்டியது, அவன் சௌசௌ ஏற்றவா?

குடித்த டீ கசந்துவிட்டது.

ஜூன் 7, வெள்ளி

முடிவு செய்துவிட்டேன். காலையிலேயே திரும்பக் கியர்பாக்ஸை இறக்கினேன். புது ப்ளேட்டை எடுத்துத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். பழையதை மாட்டினேன்.

சும்மா மாட்டவில்லை. உப்புத்தாளால் அதன் வழவழப்பை லேசாக எடுத்துக் கொஞ்சம் பிடிமானம் கொடுத்தேன். காலியாகப் போனால் ஏறும். இரண்டு பேர் இருந்தால் முக்கி முனகி ஏறும். மூட்டை ஏற்றினால் ஏறவே ஏறாது. அளவு பார்த்துச் செய்தேன். அதற்குத்தானே முப்பத்திரண்டு வருட அனுபவம்!

செசிலிக்கு ஒன்றும் புரியவில்லை. "நேத்துதான மாட்டுனீங்க?" என்றாள். சத்தம் வருகிறது, சரிபார்க்கிறேன் என்றேன்.

ஜூன் 8, சனி

சாவி கொடுத்தேன். மனசுக்கு இதமாக இருந்தது.

ஜூன் 11, செவ்வாய்

இன்று கண்டேன் காட்சி! முதல் வளைவிலேயே வண்டி நின்றுவிட்டது. கதவைத் திறந்து இறங்கினான். பானெட்டைத் தூக்கிப் பார்த்தான், அவனுக்கு என்ன தெரியும் அதில். கொஞ்ச நேரம் இடுப்பில் கைவைத்து நின்றான். பிறகு ஒவ்வொரு மூட்டையாக இறக்கி வைத்துவிட்டுக் காலி வண்டியை மேலே ஏற்றினான். நடந்து இறங்கி வந்து மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஏறினான். மறுபடி வந்தான். ஏழு நடை. நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. காப்பி ஆறிப்போய்விட்டது, பரவாயில்லை.

"என்னப்பா தனியாச் சிரிக்கிறீங்க?" என்றாள் அமலி.

ஒன்றுமில்லை என்றேன். பெட்டியை மூடிய கை அல்லவா அது. சுமக்கட்டும்.

ஜூன் 15, சனி

வண்டி வந்தது. நல்ல ப்ளேட்டை மாட்டினேன். ஐந்து மணி நேரம். கை பழகிவிட்டது.

ஜூன் 21, வெள்ளி

பழையதை மாட்டினேன். நாலே கால் மணி நேரம். டிப்போவில் இருந்திருந்தால் மேஸ்திரி கைகொடுத்திருப்பார்.

இந்தத் தடவை செசிலி கயிற்றைப் பிடித்துக்கொண்டே உற்றுப் பார்த்தாள். "வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம வண்டிக்கு என்ன வந்துருது?" என்றாள். சர்வீஸ் என்றேன். "ஒங்களுக்கு வேல இல்லைனா எனக்குத் தேங்கா உரிச்சுத் தாங்க" என்றாள். உரித்தும் கொடுத்தேன். இன்றைக்கு எனக்கு எல்லா வேலையும் பிடித்திருந்தது.

ப்ளேட் போன தடவையை விட மெலிந்திருக்கிறது. ஒரு வாரம் தாங்கும்.

ஜூன் 25, செவ்வாய்

அமலிக்கு இன்று டாக்டரிடம் காட்டும் நாள். நான் பஸ்ஸில் கூட்டிப்போகலாம் என்றிருந்தேன். மேல் ரோடு வரை நடக்க வேண்டுமே என்று செசிலி யாரையும் கேட்காமல் அவனிடம் சொல்லிவிட்டாள். அவன் வண்டியில் போய் வந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மதியம் சாப்பிடவில்லை.

அமலி சாயங்காலம் சொன்னாள். "பாவம்ப்பா சித்தப்பா. மூட்டை ஏத்தி வச்சிருந்தாரு. வண்டி ஏறல. நான் எறங்கிக்கிறேன்னேன். நீ உக்காரு தாயின்னு மூட்டைய எல்லாம் எறக்கிட்டாரு. அப்பவும் இழுக்கல. மெதுவா, மெதுவா, ஊர்ந்து போச்சு."

ஊர்ந்துதானே போயிற்று? ஒன்றும் ஆகவில்லையே. மெதுவாகப் போனால் பிள்ளைத்தாச்சிக்கு நல்லதுதான்.

டாக்டர் சொன்ன தேதி ஜூலை 16. காலண்டரை எடுத்து வாரம் எண்ணிப் பார்த்தேன். என் வாரம். நல்ல ப்ளேட் இருக்கும் வாரம். அதை முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். நான் ஒன்றும் புத்தி கெட்டவன் இல்லை.

ஜூன் 29, சனி

நல்லதை மாட்டினேன். மழை. முதுகு வலி.

ஜூலை 4, வியாழன்

அப்பாவின் மூன்றாம் வருட நினைவுப் பூசை. நான் என் வண்டியில் போனேன். என் வாரம்தானே.

பூசை நடுவில் சாமியார் படிக்கிறார்: "மறைந்த ஆரோக்கியம் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, சந்தியாகு குடும்பத்தார் ஒப்புக்கொடுக்கும் பூசை." அவ்வளவுதான். மூத்தவன் ஒருவன் குத்துக்கல்லாட்டம் முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், என் பெயர் இல்லை. ஊர் மொத்தமும் என் முதுகைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. கல்லறைக்கும் முதல் ஆளாக அவன்தான் பூமாலையோடு போனான்.

உபதேசியாரிடம் சண்டை போட்டேன். "பூசை எழுதிக் குடுக்க நீ வரலையே இன்னாசி. போன வருசமும் அவன்தான் எழுதுனான்" என்றார். வராவிட்டால்? அண்ணன் என்று ஒருவன் இருப்பது அவனுக்குத் தெரியாதா?

அவர் விடவில்லை. "ஒனக்குப் போன் வந்துச்சுல்ல அப்ப" என்றார். வந்தது. வரவில்லை என்று நான் எப்போது சொன்னேன்? அப்பாவுக்கு மூச்சுத் திணறுகிறது, வா என்று ஒரு போன் வந்தது. அப்பாவுக்கு எப்போது திணறவில்லை? மழைக்காலம் வந்தால் திணறும், வெயில் வந்தால் சரியாகும். அப்போது எனக்கு இரட்டை டியூட்டி. நாளைக்கு வருகிறேன் என்றேன். யாராயிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

ஜூலை 5, வெள்ளி

பழைய ப்ளேட்டைக் கையில் எடுத்தபோது ஒரு நிமிடம் யோசித்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். செசிலி காலையில்தான் சொன்னாள், "தலைப்பிள்ள, முன்ன பின்ன வரும், டாக்டர் தேதிய நம்பி உக்காந்துறாதீங்க" என்று. ரிவெட் தலை வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது. உப்புத்தாள் போடவும் மிச்சமில்லை. இந்த ஒரு வாரம் நல்லதையே விட்டுவிடலாமா என்று நினைத்தேன்.

பிறகு நேற்று சாமியார் படித்தது காதில் விழுந்தது. சந்தியாகு குடும்பத்தார்.

பழையதை மாட்டினேன். மூன்று மணி ஐம்பது நிமிடம்.

ஜூலை 9, செவ்வாய்

சாயங்காலம் ஐந்தரை. வீட்டில் யாரும் இல்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணிக்கு அமலி அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, தண்ணி ஒடஞ்சிருச்சு" என்றாள். வெளியே அடைமழை. 108-க்குப் போன் செய்தோம். பெரிய வண்டி பள்ளத்துக்குள் இறங்காது, மேல் ரோட்டுக்கு வந்து நிற்கிறோம், கொண்டுவந்துவிடுங்கள் என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் செசிலி மழையிலேயே சந்தியாகு வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

இரண்டே நிமிடத்தில் வண்டியோடு வந்தான். லுங்கியை மடித்துக் கட்டியபடி, சட்டைகூடப் போடாமல் வந்தான். அமலியைக் கைத்தாங்கலாக ஏற்றி, செசிலியை ஏற்றினான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஏறுண்ணே."

மூன்று வருடத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் சொல்.

எனக்குத் தெரியும். நான் ஏறினால் அந்த வண்டி முதல் வளைவைக்கூடப் பார்க்காது. "நான் நடந்து வரேன்" என்றேன்.

"பிள்ள துடிக்கிறா, இவரு நடந்து வராராம்!" என்று செசிலி கத்தினாள். அவன் வண்டியை எடுத்தான்.

வண்டிக்குப் பின்னாலேயே ஓடினேன். முதல் வளைவு ஏறிவிட்டது. மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். இரண்டாவதில் திணறியது. பின்னால் கையை வைத்துத் தள்ளினேன், ஏறிவிட்டது. மூன்றாவது வளைவில் இன்ஜின் கத்த ஆரம்பித்தது. சக்கரம் நின்றுவிட்டது. கீழிருந்து புகை வந்தது. உள்ளே அமலி, "அப்பா, அப்பா" என்று கத்துகிறாள். நான் தள்ளுகிறேன். என் கையால் சுரண்டி, என் கையால் மாட்டிய தகட்டை எதிர்த்து நானே தள்ளுகிறேன். ஒரு அடி நகரவில்லை. வண்டி பின்னுக்கு உருண்டது. குனிந்து கல்லைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளியபோது வழுக்கி விழுந்து முழங்கால் மடங்கிவிட்டது.

காப்பித் தோட்டத்தில் இருந்த ஆட்கள் சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள். ஒருத்தர் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. இரண்டு மூங்கிலைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். அமலியை உட்காரவைத்து, மேலே தார்ப்பாயைப் போர்த்தினார்கள். முன் மூங்கிலைச் சந்தியாகு தோளில் வாங்கிக்கொண்டான். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

"நீ வண்டிகிட்ட இரு" என்றான் திரும்பிப் பார்க்காமல்.

அவர்கள் வளைவில் மறைந்தார்கள். நான் அந்த நாசமாய்ப் போன வண்டிக்குப் பக்கத்தில், மழையில், ஓரக்கல்லில் உட்கார்ந்திருந்தேன். ஒரு போன் இல்லை. ஒரு சேதி இல்லை. பதினொரு மணி, பன்னிரண்டு மணி. உள்ளே போய் உட்காரவும் எனக்கு மனசு வரவில்லை. ஆண்டவரே, என் மேல் இருக்கிற கோபத்தை என் பிள்ளை மேல் காட்டாதேயும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மணிக்கு உபதேசியார் குடை பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். பெண் குழந்தை. பிறந்ததும் அழவில்லையாம். நீலம் பாரித்துக் கிடந்ததாம். கால் மணி நேரம் போராடித்தான் அழவைத்தார்களாம். இப்போது இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.

"சேனை யாரு வச்சது?" என்று கேட்டேன். பிறந்த பிள்ளை நாக்கில் முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அமலிக்கு அப்பாதான் வைத்தார். அமலி பிள்ளைக்கு நான் என்று ஏழு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சந்தியாகுதான். ஒன் சம்சாரம்தான் வைக்கச் சொன்னா. நர்ஸுகூட திட்டுச்சாம், அதெல்லாம் வைக்கக் கூடாதுன்னு. ஒரு சொட்டுன்னு கெஞ்சி வச்சானாம்."

நல்லது என்றேன்.

ஜூலை 10, புதன்

முழங்காலில் துணியைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிள்ளை அப்பா சாயல். மூக்கு அப்படியே அப்பா மூக்கு.

நான் ஃப்ளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது டாக்டரம்மா வந்தார். ஏன் இவ்வளவு தாமதம், இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் நான் பொறுப்பில்லை என்று சத்தம் போட்டார். சந்தியாகு முன்னால் வந்தான்.

"வண்டி க்ளட்ச் போயிருச்சு டாக்டர். மூட்டை ஏத்தி ஏத்தி நான்தான் தேய்ச்சுட்டேன்."

டாக்டரம்மா போனதும் செசிலி பிடித்துக்கொண்டாள். "ஒனக்குச் சௌசௌ மூட்டைதான் பெருசாப் போச்சா தம்பி? நெறமாசப் பிள்ள வீட்ல இருக்கான்னு தெரியும்ல? வண்டி சரியில்லன்னா ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அண்ணன் செஞ்சு குடுத்திருப்பாருல்ல?" வார்டே திரும்பிப் பார்த்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் மதினி" என்றான். அவன் தோளில் மூங்கில் அழுத்தின இடம் கன்றிப்போயிருந்தது. நான் ஃப்ளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

வராண்டாவில் அவனைத் தனியாகப் பிடித்தேன்.

"ஏன் அப்பிடிச் சொன்ன?"

"வேற எப்பிடிச் சொல்ல? என் வாரம் வந்தா வண்டி சாகுது, ஒன் வாரம் வந்தா உசுரு வருது. போல்ட்டுத் தல எல்லாம் புதுசா மின்னுது. எனக்குக் கண்ணு இல்லையா?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"மூட்டையத்தான சுமக்கணும், சுமந்துட்டுப் போவோம், அண்ணனுக்கு ஆத்திரம் தீரட்டும்னு இருந்தேன். நேத்துக் காலையில அவசரத்துல எனக்கு அது ஞாபகமே இல்ல. ஒனக்கு இருந்துச்சுல்ல? அதான ஏறல நீ?"

குனிந்து முழங்கால் கட்டைச் சரிசெய்தேன்.

"இன்னொண்ணும் கேட்டுக்க. அப்பா கடைசி நாள் பூரா அண்ணன் எங்கடா, அண்ணன் எங்கடான்னாரு. மூணு தடவ ஒனக்குப் போன் போட்டேன். மூணாவதுக்கு அப்புறம் நீ செல்ல அணைச்சு வச்சுட்ட. கெளம்பிட்டான்பா, பஸ்ல வந்துட்டிருக்கான்னு அவருகிட்டப் பொய் சொன்னேன். அதைக் கேட்டுட்டுத்தான் கண்ண மூடுனாரு. மறுநா சாயங்காலம் வரைக்கும் பெட்டிய மூடாம வச்சிருந்தேன். சாமியார்தான் இனி முடியாதுன்னாரு. அப்ப ஒனக்காக ஒரு பொய். இன்னைக்கு ஒரு பொய். மூணாவது சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போயி நீயே சொல்லு."

போய்விட்டான்.

செல்லை அணைத்தது உண்மை. இரட்டை டியூட்டிக்கு நடுவில் சும்மா சும்மா அடிக்கிறதே என்று அணைத்தேன். மறுநாள் மதியம்தான் திறந்தேன். இதை இதுவரை எந்த நோட்டிலும் எழுதவில்லை.

ஜூலை 12, வெள்ளி

வாடகை ஜீப்பில் தாயும் பிள்ளையும் வீடு வந்தார்கள். இன்று சொல்ல முடியவில்லை.

ஜூலை 13, சனி

மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது செசிலி மறுபடி சந்தியாகுவைத் திட்ட ஆரம்பித்தாள். அவன் வீட்டில் இனி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்றாள்.

"நிறுத்து செசிலி, நான்தான்" என்றேன். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை வேலைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். உப்புத்தாளையும் சொன்னேன். அணைத்து வைத்த செல்லையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

அமலி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. செசிலி என் தட்டில் பாதி பரிமாறிய கரண்டியைத் திரும்பக் குழம்புச் சட்டியிலேயே போட்டாள். "நான் அந்தக் கயித்தப் புடிச்சேனே" என்றாள். "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான்ல புடிச்சேன்." அதற்குப் பிறகு அவள் அழுத அழுகையை எழுத எனக்கு வரவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

பூசைக்குப் போனேன், பின் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஜூலை 15, திங்கள்

ஏத்தத்தில் ஓரமாக நின்ற வண்டியை ஆட்களை வைத்துக் கீழே இறக்கினேன். நல்ல ப்ளேட்டை மாட்டினேன். கயிற்றைப் பிடிக்க யாரும் இல்லை. கியர்பாக்ஸை நெஞ்சிலேயே இறக்கி நெஞ்சிலேயே ஏற்றினேன். ஏழரை மணி நேரம்.

ஜூலை 16, செவ்வாய்

டாக்டர் சொன்ன தேதி இன்றுதான். என் வாரம். வெயில் அடிக்கிறது. நல்ல க்ளட்ச்சோடு வண்டி வாசலில் நிற்கிறது, ஏறுவதற்கு ஆள் இல்லை.

காலையில் அமலி வாசலுக்கு வந்தாள். பிள்ளையை வெயிலில் காட்ட வந்தாள். நான் எழுந்து கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. கோபமாகவும் பேசவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"அப்பா, மூணாம் மாசம் முடிஞ்சதும் நான் எங்க வீட்டுக்குப் போவேன். சித்தப்பா வாரமாப் பாத்துத்தான் கெளம்புவேன். இப்பவே சொல்லிட்டேன்."

சரிம்மா என்றேன்.

அவள் உள்ளே போன பிறகு திரும்ப உட்கார்ந்துகொண்டேன். மூன்று வருடமாக அவனை என்னென்னவோ செய்ய வேண்டும் என்று கறுவிக்கொண்டிருந்தேன். அத்தனையும் செய்து முடித்துவிட்டேன், ஆனால் பட்டது என் பிள்ளைக்கு. என்னைத் திட்டவாவது செய்திருக்கலாம் அவள்.

சாவியை எடுத்துக்கொண்டு நடந்தேன். கோயிலுக்குப் போகவில்லை, உபதேசியாரைத் தேடவில்லை. நேராகச் சந்தியாகு வீட்டு வாசலில் போய் நின்றேன். அவன் மூட்டைக்குச் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை.

"சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியும். மதினி வந்து என் கையப் புடிச்சுட்டு அழுதாங்க."

சாவியை அவன் முன்னால் நீட்டினேன். "இனி வாரம் கீரம் எல்லாம் வேணாம். வண்டி ஒங்கிட்டயே இருக்கட்டும்."

கோணியூசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். என் முழங்கால் கட்டைப் பார்த்தான், கையில் சாவியைப் பார்த்தான்.

"ஏன்ணே, இனிமே வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம என் வீட்டுக்கே வந்து கழட்டலாம்னா?"

அவன் சிரிக்கவில்லை. சாவியை வாங்கி மடியில் செருகிக்கொண்டு தையலைத் தொடர்ந்தான். போ என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அவனுக்கு எதிரே கிடந்த சாக்கை எடுத்து வாயைப் பிடித்துக்கொடுத்தேன்.